சி டிரைவில் அண்ணன்

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றில் நீங்களாகப் போய்க் கையை வைத்து, அதை நிறுத்திவிட்டு, அப்புறம் அதற்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு, அது என்னவோ தானாகக் கெட்டுப்போன மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கருப்புத் திரை. இடது மூலையில் க்ரப் ரெஸ்க்யூ என்று இரண்டே வார்த்தை, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, மினுக் மினுக்கென்று. ரெஸ்க்யூ என்றால் மீட்பு, அது தெரியும், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கியபோதே அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆனால் இங்கே யார் யாரை மீட்க? அது என்னைக் கூப்பிடுகிறதா, நான் அதைக் கூப்பிட வேண்டுமா? ஹெல்ப் என்று அடித்துப் பார்த்தேன். அன்னோன் கமாண்ட் என்றது. உதவி என்றால் என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு மீட்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வைத்தவன் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர் என்னுடையதும் இல்லை. வீட்டின் முன்னறைதான் என் வீட்டுக்காரர் காளிராஜின் கடை, வாசலில் போர்டு, உள்ளே இந்த ஒரே கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு பழைய பிரிண்டர். சாத்தூருக்குக் கிழக்கே எந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்றாலும் பிளெக்ஸ் பேனருக்கு இங்கேதான் டிசைன் ஆகும். ஆன டிசைன் எல்லாம் இதன் வயிற்றுக்குள் இருக்கிறது. இதோ, கருப்பாக.

மற்ற டிசைன் போனால் போகட்டும், கண்ணீர் அஞ்சலிக்காரர்கள் வந்து கேட்கவா போகிறார்கள், அட, கேட்டால் கேட்கட்டும், திரும்பச் செய்து கொடுத்துவிடுவார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தன்ஷிகாவுக்குக் காது குத்து. கோயில் வாசலில் நிற்கப்போகிற பிளெக்ஸை இவர் நேற்றுச் சாயங்காலம் முடித்தார். டீ கொண்டுபோய் வைத்தபோது பார்த்தேன். நடுவில் என் அண்ணன். என் அண்ணன் சோலைராஜ், பிள்ளையை மடியில் வைக்கப்போகிற தாய்மாமன், ஆள் உயரத்துக்கு, பின்னால் சூரியன் மாதிரி வட்டம் சுற்ற, தலைக்கு மேலே தாய்மாமன் என்று சிவப்பு எழுத்தில். இவருடைய படம் ஓரத்தில் சின்னதாக. நான் நிற்பதைப் பார்த்ததும் டக்கென்று அதைக் கீழே இறக்கிவிட்டு வேறு யாருடைய பூப்புனித நீராட்டு விழாவையோ திறந்து, “டீல சீனி கூடிப்போச்சு” என்றார். டீ இன்னும் வாயிலேயே படவில்லை. நானும் ஒன்றும் பார்க்காத மாதிரி, “கொஞ்சமாத்தான போட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு சிரித்தேன், சிரிப்பா அழுகையா, இரண்டும்தான். இவரும் அண்ணனும் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தன்ஷிகாவுக்கு என்ன வயசோ அதே வயசு அந்தச் சண்டைக்கும். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அண்ணன், சந்தோஷம் தாங்காமல், என் மருமகள் வந்துட்டா என்று பிள்ளையின் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். இவர் கடையில் இருந்தார். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, “என்னப்பா, பிள்ளை பிறந்ததுக்கு மிட்டாய் இல்லையா” என்று கேட்டுத்தான் இவருக்குத் தெரிந்தது. தகப்பனுக்கு முன்னாடி டீக்கடைக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனோ, போன் அடித்தேன், எடுக்கவில்லை என்கிறான். இவர் போனே வரவில்லை என்கிறார். வார்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த நான் யாருக்குச் சாட்சி சொல்ல? வந்தவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்க்கவில்லை. அதோடு சரி. போன வாரம் அண்ணனிடம் போனில் காது குத்துக்குச் சொன்னேன். “நீ சொன்னா எப்படித்தா, மாப்பிள்ளை வாயால ஒரு வார்த்தை வரட்டும், ஓடி வாரேன்” என்றான். இவரிடம் சொன்னால், “முறைக்கு வர்றவங்க வரட்டும், நான் யாரையும் தடுக்கல” என்கிறார். ஒரு வார்த்தை இங்கிருந்து போகாது, அங்கிருந்து கால் வராது. அப்படிப்பட்ட மனுஷன் வாயால் சொல்ல முடியாததைப் படமாக இறக்கி வைத்திருக்கிறார். ஒருதடவை இறங்கி வந்த மனசு. அது அழிந்துபோனால், இன்னொருதடவை உட்கார்ந்து அந்த முகத்தை வெட்டி எடுத்து நடுவில் வைப்பாரா? எனக்குத் தெரியும், வைக்க மாட்டார். நல்லதுக்குத்தான் அழிஞ்சிருக்கு என்று சொல்லிவிடுவார்.

எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டால், கேட்கத்தான் செய்வார்கள், அத்தை, இவருடைய அம்மா, காலையிலேயே கேட்டுவிட்டார். சர்வர் பராமரிப்பு என்று ஒரு கிளாஸ், சிவகாசியில் பெண்களுக்காக நடத்துகிறார்கள், வாரத்தில் பாதி நாள் போனிலேயே. பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே படிக்கலாம் என்று சேர்ந்தேன், பிடித்துவிட்டது. அதற்கு லினக்ஸ் வேண்டும். பிளஸ் டூ முடித்தபோது கவர்மெண்ட் கொடுத்த லேப்டாப்பில் அது இருந்தது. திறந்ததும் இதுவா அதுவா என்று பட்டியல் வரும், நாங்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸை அமுக்குவோம், மற்றது என்னவென்றே பார்த்ததில்லை. அந்த லேப்டாப் இப்போது மூடியைத் திறந்தால் மூடி கையோடு வருகிறது. அதனால் இவரிடம் கேட்டேன். முனகிக்கொண்டே இ டிரைவில் கிடந்த பழைய பொங்கல் விழாக்களை எல்லாம் துடைத்து, “இ உனக்கு, சி பக்கம் கை நீளக் கூடாது” என்று கொடுத்தார். ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்துதான், கிளாஸில் கொடுத்த பென் டிரைவைச் சொருகி ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து கடைசி முனைக்கு வந்துவிட்டது, பூட்லோடர் என்று ஏதோ எழுதுகிறேன் என்றது, அதாவது திறந்தவுடன் இதுவா அதுவா என்று கேட்குமே, அந்தக் கேள்வி கேட்கிற ஆளை வாசலில் உட்கார வைக்கிற வேலை. அந்த நேரம் பார்த்து உள்ளே தொட்டிலில் தன்ஷிகா கத்தினாள். போய்த் தூக்கினேன், அவ்வளவுதான். திரும்பி வந்தால் அறை இருட்டு. அத்தை சுவிட்ச் பலகைக்குக் கீழே நின்று கையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். “ஆள் இல்லாத ரூம்ல கரண்டு ஓடலாமாத்தா?” என்கிறார். என்ன சொல்ல? கல்யாணத்துக்கு முந்தியிலிருந்து பட்டாசு யூனிட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஆள் அறையை விட்டு வெளியே வந்தால் மெயினை இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும், வராவிட்டால் மறுநாள் வேலை கிடையாது, சில சமயம் ஆளே கிடையாது. வேலையை விட்டும் கை விடவில்லை. மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கொத்தமல்லி வாங்க வாசலுக்குப் போனால் கிரைண்டர் நின்றிருக்கும். இவர் முகம் கழுவப் போனால் மின்விசிறி நின்றிருக்கும். இத்தனை தெரிந்தும் நான் பிள்ளை அழுகிறது என்று எழுந்து ஓடியிருக்கிறேன், “அத்தை, அணைச்சிராதீங்க” என்று ஒரு சத்தம் கொடுக்கத் தெரியவில்லை. கரண்டு போனால் தாங்குகிற பெட்டி ஒன்று இருந்தது, அதன் பேட்டரி செத்து, இப்போது அதன் தலையில் ஊதுபத்தி ஸ்டாண்டு நிற்கிறது. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்கும் சேர்த்துப் பொட்டு வைத்திருக்கிறோம்.

சரி, க்ரப் என்கிற அந்தக் கேள்வி கேட்கிற ஆள் வாசலில் பாதி உட்கார்ந்து செத்துப்போனான், அது புரிகிறது. புரியாதது வேறு. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே நினைக்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடு என்று கேட்டதே, அப்போது அங்கே சி என்றும் இ என்றும் எழுதியிருக்கவில்லை. எஸ்டிஏ ஒன்று, இரண்டு, ஐந்து, இப்படி வண்டி நம்பர் மாதிரி. நான் அளவைப் பார்த்து அமுக்கினேன். இந்தக் கம்ப்யூட்டரில் சியும் இயும் ஏறக்குறைய ஒரே அளவு, அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி. நான் அமுக்கியது ஐந்தா? ஐந்து என்றுதான் நினைக்கிறேன். கை ஐந்துக்கு மேலேதான் இருந்தது. இல்லை, முதலில் இரண்டின் மேல் வைத்து, பிறகு இறக்கினேன். இறக்கினேனா? அப்போது தன்ஷிகா மேஜைக்குக் கீழே ஒயரைச் சப்பிக்கொண்டிருந்தாள், அவளை இழுத்தேன், இழுத்தபோது கை நகர்ந்ததா, நகர்ந்த பிறகு அமுக்கினேனா, அமுக்கிய பிறகு நகர்ந்ததா? கேஸை அணைத்தோமா என்று பஸ் ஏறிய பிறகு யோசிக்கிற மாதிரி, எத்தனை தடவை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாலும் படம் அந்த இடத்தில் மட்டும் கலங்குகிறது. இரண்டு என்றால் சி. சி என்றால் அண்ணன். ரெஜினாவுக்கு வாய்ஸ் அனுப்பினேன். ரெஜினா என்னோடு கிளாஸில் படிக்கிறவள், சிவகாசியில் செல்போன் கடையில் நிற்கிறாள், என்னைவிட ஒரு பாடம் முன்னால் இருப்பாள், அதற்கே அத்தனை பந்தா. “யக்கா, பதறாதீங்க, கடையில ஆள் நிக்குது, இருங்க,” அப்புறம் யாரோ ஒருவருக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற சத்தம், அப்புறம், “பென் டிரைவ் இன்னும் சொருகித்தான இருக்கு? எஃப் பன்னெண்டை அமுக்கி அதுலயே உள்ள போங்க, நான் டைப் பண்ணி அனுப்புறதை அப்படியே அடிங்க.” போனேன். பென் டிரைவின் பெயர் அங்கே இரண்டுதடவை இருந்தது. ஒன்று வெறும் பெயர். இன்னொன்றுக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று நாலு எழுத்துப் பட்டம். பட்டம் உள்ளவர்தான் பெரியவர் என்று அதையே அமுக்கினேன், நம் புத்தி அப்படி. உள்ளே போய், அவள் அனுப்பியதை எழுத்துக் கூட்டி, நடுவில் விடுகிற இடைவெளியைக்கூட வாயால் சொல்லிக்கொண்டு அடித்தேன். கேன்னாட் ஃபைண்ட் இஎஃப்ஐ டைரக்டரி. மறுபடி. கேன்னாட் ஃபைண்ட். ஒரு எழுத்து விட்டுவிட்டேனோ என்று மறுபடி. எனக்கு வந்த கோபத்துக்குக் கீபோர்டை எடுத்து, எடுத்து என்ன செய்ய, ஒரு சாவிக்கு அடியில் சீரகம் ஒன்று கிடந்தது, ஊதிவிட்டு வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் இவர் போன். பத்திரிகை வைக்கக் காலையிலேயே பைக்கில் கிளம்பியவர், இருக்கிற சொந்தக்காரர் வீடெல்லாம் போய், ஒவ்வொரு வீட்டிலும் கலர் குடித்து, தொண்டை கட்டிப்போய்ப் பேசுகிறார். “மாரி, கம்ப்யூட்டரைப் போட்டு வை. வந்ததும் மதுரைக்கு அனுப்பணும். பிரஸ்காரன் சாயங்காலத்தோட மூடிருவானாம்.” போட்டுத்தாங்க இருக்கு என்றேன், அது பொய் இல்லை, போட்டுத்தான் இருக்கிறது. “உன் இன்ஸ்டாலேசன் முடிஞ்சதா?” என்றார். முடியப்போகுதுங்க என்றேன். “என் பக்கம் ஒண்ணும்...” என்றார், பிள்ளை அழுவுதுங்க என்று வைத்துவிட்டேன். பிள்ளை அழவில்லை, அத்தை மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. உள்ளங்கை வேர்த்து எலி வழுக்குகிறது, மவுஸைத்தான் சொல்கிறேன், இவர் எலி என்றே சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே வருகிறது. கல்யாணமான புதிதில் இதே நாற்காலியில் என்னை உட்கார வைத்து முகத்தை எப்படி வெட்டி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார். முடி ஓரத்தில் அவசரப்படாதே, காதை விட்டுவிடாதே என்று. எத்தனை பெரியப்பாக்களுக்குக் காது வெட்டி எடுத்திருக்கிறேன். அண்ணன் முகத்தை நேற்று இவர்தான் வெட்டியிருக்கிறார், தலைமுடி ஓரம் பூராவும் சுத்தமாக இருந்தது, ஒரு முடி பிசிறில்லை. பிடிக்காத ஆளின் முகத்தை யாராவது அத்தனை நேரம் உற்றுப் பார்ப்பார்களா? அதை நினைத்ததும் கண் கரித்தது. உடனே அந்த எஸ்டிஏ இரண்டு ஞாபகம் வந்து, கரித்தது காய்ந்துபோனது. ரெஜினாவிடமிருந்து வாய்ஸ். “யக்கா, எந்தப் பேர்ல உள்ள போனீங்க? யூஇஎஃப்ஐ போட்டதுலயா? ஐயோ யக்கா, உங்களுது பழைய மெஷின், அதுல விண்டோஸ் பழைய முறையில போட்டது. நீங்க கொல்லை வழியா உள்ள போயிட்டு வாசல் நிலையைத் தேடுறீங்க. வெளியே வந்து வெறும் பேரை அமுக்குங்க.” இதை முதலிலேயே சொல்லத் தெரியவில்லையா உனக்கு என்று அவளைத் திட்டி ஒரு வாய்ஸ் பேசி, அனுப்பாமல் அழித்தேன். பாவம், அவளும் கடையில் நின்றுகொண்டே சொல்கிறாள்.

வெளியே வந்து வெறும் பெயரை அமுக்கினேன். ஆடி அசைந்து வந்தது. கட்டளை அடிக்கும் முன்னால், பயத்தை ஒரேயடியாகப் பார்த்துவிடுவோம் என்று, டிஸ்க்குகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். ஐந்தில் நேற்றுவரை இல்லாத ஏதேதோ, பூட், ஹோம் என்று சின்னச் சின்ன ஃபோல்டர்கள். அப்படியானால் ஐந்துதான் எனக்குப் போயிருக்கிறது, இல்லையா? இரண்டை அமுக்கினேன். திறக்கவில்லை. பெரிய இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது, அனேபிள் டு ஆக்ஸஸ், ஹைபர்னேட், அன்சேஃப், இப்படி. அத்தையைக் கூப்பிட்டேன், எதற்கென்று தெரியாமலே. “என்னத்தா?” என்று பிள்ளையோடு வந்து நின்றார். “ஒண்ணுமில்லைத்தை” என்றேன். “மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு, ஒண்ணுமில்லைங்கிற. நான் அமத்துனதாலயா?” என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆகிவிட்டது, எனக்குப் பாவமாகப் போய்விட்டது. “உங்களால ஒண்ணுமில்லைத்தை, நான்தான் சொல்லாமப் போனேன்” என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் படம் எடுத்து ரெஜினாவுக்கு அனுப்பினேன். அவள் சிரித்தாள். வாய்ஸில் முதலில் வந்தது சிரிப்புத்தான். “யக்கா, இது நல்ல செய்தி. உங்க வீட்டுக்காரர் விண்டோஸை அமத்துறப்ப அது முழுசா சாகாது, அரைத் தூக்கம் தூங்கும், மறுநாள் சீக்கிரம் எந்திரிக்கணும்ல. தூங்குறவன் வீட்டுக்குள்ள வேத்தாள விட மாட்டேங்குது. அழிஞ்சு போயிருந்தா இப்படி மல்லுக்கட்டுமா?” நான் அதை மூன்றாவது தடவையாகக் கேட்டேன். திறக்க மாட்டேன் என்று சொல்வதற்கு உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும் இல்லையா. காலி வீடு யாரையும் போ என்று சொல்லாது. அடப்பாவி, இதைத் தமிழில் சொல்லியிருந்தால் என் உயிர் இத்தனை தடவை போய் வந்திருக்குமா. உள்ளே இருக்கிறான், சிவப்பு எழுத்துக்குக் கீழே, சூரிய வட்டத்துக்கு நடுவில், தூங்குகிறான். வாசல்தான் இல்லை. வாசல் வைத்துவிட்டால் போதும்.

வாசல் வைக்கிறேன் பாருங்கள் என்று சொல்லி, இதைச் சத்தமாகவே சொன்னேன் போல, அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார், ரெஜினா அனுப்பிய கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். இந்தத் தடவை அத்தையே சுவிட்சுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டார். “ஆள் இருக்கேன், நீ பாரு” என்றார். இன்ஸ்டாலேசன் ஃபினிஷ்டு, நோ எர்ரர் ரிப்போர்ட்டடு என்று வந்தது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். பட்டியல் வந்தது! வந்த பட்டியலைப் பார்த்தால், லினக்ஸ். அதற்குக் கீழே, லினக்ஸின் இன்னொரு வழி. அதற்குக் கீழே, மெஷினைச் சோதிக்கிற ஏதோ ஒன்று. விண்டோஸைக் காணவில்லை. பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு வீட்டு மாப்பிள்ளைக்குப் போடாத மாதிரி. எனக்கு வந்ததே கோபம், எழுந்து நின்றுவிட்டேன். ஏன், தூங்குகிறவன் ஆள் இல்லையா? இருக்கிறான் என்று நீதானே இப்போது சொன்னாய்? ரெஜினாவுக்குப் பெருமூச்சை மட்டும் வாய்ஸாக அனுப்பினேன், அவள் அதையும் புரிந்துகொண்டாள். “பயத்துல பக்கத்து வீட்டை எட்டிப் பாக்காதேன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க யக்கா, புது வெர்சன்ல அப்படித்தான். எட்டிப் பாருன்னு நாமதான் சொல்லணும். லினக்ஸுக்குள்ள போய் நான் பேர் அனுப்புற கோப்பைத் திறங்க, ரீசார்ஜுக்கு அமுக்குவோம்ல அந்த ஹேஷ், அது ஒரு வரிக்கு முன்னாடி நிக்கும், அதை எடுத்துருங்க. எடுத்துட்டு அப்டேட்-க்ரப் அடிங்க.” எடுத்தேன். ஒரு சின்னப் பூச்சி அளவு குறி, அது நின்றால் வரி செத்த வரி, எடுத்தால் உயிர். அப்டேட் அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஃபவுண்ட் லினக்ஸ் என்கிறது, அது எனக்கே தெரியும், மறுபடி ஃபவுண்ட் லினக்ஸ் என்கிறது, பிறகு ஒன்றுமே சொல்லாமல் நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது, வாசலில் பைக் சத்தம் கேட்கிறது, இவருடைய பைக்தான், சைலன்சர் இருமுவது தெரியும், ஸ்டாண்டு போடுகிறார், செருப்பைக் கழற்றுகிறார், ஃபவுண்ட் விண்டோஸ்.

“என்ன இது, கருப்பா நிக்குது?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நான் மறுபடி அணைத்துப் போட்டிருந்தேன், பட்டியல் அப்போதுதான் வந்து நின்றது, கடைசி வரியில் விண்டோஸோடு. நான் எழுந்து நாற்காலியை விட்டேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், அத்தையை மட்டும் விட்டுவிட்டு, ஆனால் அத்தை குறுக்கே வந்து, “நான்தான்டா அமத்துனேன், அவளைத் திட்டாத” என்றார். “படிச்சுப் படிச்சுச் சொன்னேன் ரெண்டு பேர்கிட்டயும்” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் அம்புக்குறியைக் கீழே இறக்கி விண்டோஸை அமுக்கினார். நாங்கள் மூன்று பேரும் திரையை நெருங்கினோம். பிள்ளை மட்டும் பொரியைத் துப்பியது. வட்டம் சுற்றியது, சுற்றியது, அவருடைய சாமி படம் வைத்த திரை வந்தது. நேரே போய் அந்தக் கோப்பைத் திறந்தார். இந்தத் தடவை என்னிடமிருந்து மறைக்கவில்லை. நடுவில் அண்ணன். அப்பாடா. நான் மூச்சு விட்டதை அவர் கேட்டிருப்பார், திரும்பவில்லை. “நல்லா இருக்கா?” என்றார், திரையைப் பார்த்தபடி. நல்லா இருக்குங்க என்றேன். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது, மூக்கு ஒரு கட்டம், கண் ஒரு கட்டம். எங்கள் கல்யாண குரூப் போட்டோவில், பின் வரிசையில் நின்ற தலையை எடுத்திருக்கிறார். “இந்தச் சைசுக்குத் தாங்காது போலயே” என்று முனகினார். கூர்மையாக்கிப் பார்த்தார், மங்கலாக்கிப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதேதோ செய்தார். சின்னதாக்கிவிடலாம், ஓரத்தில் வைத்துவிடலாம், நான் அதைத்தான் சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. “உன் போன்ல உங்க அண்ணன் படம் இருக்கா?” என்றார். என் போனில் அண்ணன் படம் எத்தனை வேண்டும், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், மொட்டை போட்ட அண்ணன், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற அண்ணன். இடுப்பில் செருகிய போன் சுடுகிறது. “இல்லைங்களே” என்றேன். என் வாழ்க்கையிலேயே இத்தனை பதறாமல் நான் பொய் சொன்னதில்லை. அத்தை என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் வாயைத் துடைக்கத் தொடங்கினார். இவர் கொஞ்ச நேரம் அந்த உடைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எழுந்து, கேமராப் பையைத் தோளில் மாட்டி, எதற்கு மாட்டினார் என்று தெரியவில்லை, மறுபடி கழற்றி மேஜையில் வைத்தார். வாசல்படிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நம்பரைத் தேடவில்லை, மனப்பாடமாகத்தான் இருந்திருக்கிறது. மணி அடிப்பது எனக்கே கேட்டது. எடுத்த சத்தமும் கேட்டது. இவர் ஒருதடவை தொண்டையைச் செருமினார், பத்திரிகை வைத்துக் கட்டிப்போன தொண்டை. “மச்சான், நான்தான் காளிராஜ். பாப்பா பிளெக்ஸுக்கு உங்க போட்டோ வேணும். இல்ல, வாட்ஸப்ல அனுப்பினா உடைஞ்சிரும் மச்சான், பெரிய சைசு, நடுவுல வைக்கிறேன்ல. பிரஸ்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுட்டு இப்பவே வண்டிய எடுத்து வீட்டுக்கு வந்துருங்க, நானே எடுத்துக்கிறேன்.”